அடுக்குமாடி வீட்டுக்குள் ஒற்றைச் செராமா கோழி: வளர்க்கலாமா?

கேள்வி: பினாங்கு வாசகி

வணக்கம். பினாங்குத் தீவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 11ஆம் மாடியில் நாங்கள் ஐவர் வசிக்கிறோம். கிளந்தானில் வேலை பார்க்கும் என் கணவரின் அண்ணன், சென்ற மாதம் வந்தபோது தாம் வளர்க்கும் செராமா என்ற குட்டி இனக் கோழிகளில் ஒன்றை எங்கள் 7 வயது மகளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழி. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 290 கிராம் இருந்தது. என் இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

மாலையில் மகள் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவள் மடியில் ஏறி அமர்ந்து கண் சொருகிவிடும். ஆனால் நாங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, காலை முழுவதும் அறைக்கு அறை நடந்து ஓயாமல் குரலெழுப்பிக்கொண்டே இருப்பதாக, வீட்டில் இருந்து என் 2 வயது மகனைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் சொல்கிறார். வழுவழுப்பான தரையில் அதன் கால்கள் இருபுறமும் சறுக்குகின்றன. எச்சத்திற்காக இணையத்தில் ஒரு துணி டயப்பர் வாங்கினோம். அதை மாட்டினால் பின்னோக்கி நடந்து சுவரில் முட்டிக்கொள்கிறது. இதுவரை அரிசியும் சோறும்தான் தீனியாகக் கொடுக்கிறோம்.

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார், கோழியை மண்ணில் கால் படாமல் வளர்ப்பது பாவம் என்கிறார். அவர் பேச்சைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மகளிடமிருந்து அதைப் பிரிக்கவும் மனமில்லை. வீட்டுக்குள் வைத்தே வளர்ப்பது அந்தக் கோழிக்கும் நல்ல வாழ்க்கையாக இருக்க முடியுமா? முடியுமென்றால் நாங்கள் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

மறுமொழி 1: சுங்கைப் பட்டாணி வாசகர்

வணக்கம் சகோதரி. 14 ஆண்டுகளாகச் செராமா வளர்க்கிறேன். உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. ஆனால் மண்ணுக்கும் முன்னால் அதற்குத் தேவைப்படுவது இன்னொரு கோழி.

காலை முழுவதும் அது எழுப்பும் குரல், கூட்டத்தைத் தேடி அழைக்கும் குரல். கோழிகள் தமக்குள் யார் முன், யார் பின் என்ற வரிசையை வகுத்துக்கொண்டு வாழ்பவை. தோர்லீப் ஷெல்டெரப் எப்பே என்ற நார்வே ஆய்வாளர் 1921ஆம் ஆண்டிலேயே இந்தக் கொத்தும் வரிசையை விவரித்து எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் கடைசி இடம் கிடைத்தாலும் கோழிக்கு அது ஒரு குடும்பம்தான். நீங்கள் ஐவரும் அதற்கு எவ்வளவு அன்பு காட்டினாலும், அது இரை பொறுக்கும்போது உடன் பொறுக்கவும், வெயில் காயும்போது பக்கத்தில் படுத்துச் சிறகு விரிக்கவும், இரவில் தோளோடு தோள் ஒட்டி உறங்கவும் உங்களால் இயலாது. ஆகவே உங்கள் மைத்துனரிடம் அதே அளவுள்ள இன்னொரு பெட்டையைக் கேட்டு வாங்குங்கள். கம்பத்துக் கோழியை, அதாவது கிராமத்து நாட்டுக் கோழியை, துணைக்கு விட வேண்டாம். அது கொத்தினால் 290 கிராம் உடம்பு தாங்காது. சேவலும் வேண்டாம். விடியும் முன்பே கூவச் செய்வது சேவலின் உடலுக்குள் இயங்கும் கடிகாரம் என்பதை நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அறையை இருட்டாக்கி வைத்தாலும் அது கூவும். அண்டை வீட்டார் பொறுக்கமாட்டார்கள்.

வீட்டுக்குள் வாழ ஏற்ற கோழி என்று ஒன்று உண்டென்றால் அது செராமாதான் என்றும் சொல்ல வேண்டும். சிறிய இனக் கோழிகளைக் குறிக்கும் பேன்டம் என்ற சொல் சாவகத் தீவின் பாந்தன் துறைமுகத்திலிருந்து உலகெங்கும் பரவியது. ஆனால் பேன்டம்களிலும் சிறியதான செராமா நம் நாட்டில் உருவானது. கிளந்தானைச் சேர்ந்த வீ யேன் ஈன் என்பவர் உருவாக்கி, தாய்லாந்து மன்னர்களின் இராமா என்ற பட்டத்தை ஒட்டிப் பெயரிட்ட இந்த இனம் 1990இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. போட்டிகளில் மேசை மேல் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, மனிதரை அஞ்சாமல் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதால், கைக்குப் பழகுவது அதன் இரத்தத்திலேயே இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். தரைதான் உடனடியாகச் சரிசெய்ய வேண்டியது. வழுக்கும் தரையில் தொடர்ந்து நடக்கும் கோழிக்கு இடுப்பும் மூட்டும் கெடும். அது நடமாடும் இடம் முழுவதும் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பைப் போடுங்கள். தரையிலேயே உறங்க விடாதீர்கள். பெருவிரல் பருமனுள்ள, சொரசொரப்பான மரக்கிளை ஒன்றை ஒரு முழ உயரத்தில் பொருத்திக் கொடுத்தால் தானாக ஏறிக்கொள்ளும். டயப்பரைக் கழற்றிவிடுங்கள். வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகுகளைக் கோதிக்கொள்வது அதன் அன்றாட வேலை. அதைத் தடுப்பதோடு, எச்சம் உடலோடு ஒட்டிக் கிடந்து தோலையும் புண்ணாக்கும். விருந்தினர் வரும்போது ஒரு மணி நேரம் மாட்டலாம், அவ்வளவே. மற்ற நேரத்தில் பால்கனியிலோ ஒரு சிறிய அறையிலோ மரச்சீவல் பரப்பிய தனி இடம் இருக்கட்டும்.

மாமியார் கேட்கும் மண்ணையும் கொடுக்க முடியும். அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் காய்ந்த மண்ணும் மணலும், கொஞ்சம் விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். அதில் புரண்டு, இறகுக்குள் மண்ணை வாரி இறைத்து, பிறகு உதறி எழும் அந்தக் குளியல்தான் கோழிப்பேனையும் பழைய எண்ணெயையும் போக்குகிறது. தண்ணீரில் குளிப்பாட்டுவது அதற்கு ஈடாகாது.

சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதும் என்று நினைக்காதீர்கள். கோழியின் தோல், குறிப்பாக இறகில்லாத கால்களின் தோல், வைட்டமின் டி உண்டாக்கப் பயன்படுத்தும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. பால்கனிக்கு வலையடித்து, காலை இளவெயிலில் விடுங்கள். வலையில்லாமல் 11ஆம் மாடியில் கதவைத் திறக்கவே வேண்டாம். செராமாவுக்கு உடல் எடை குறைவு என்பதால் மற்றக் கோழிகளைவிட நன்றாகப் பறக்கும். அதே காரணத்தால், அது வீட்டுக்குள் உலவும்போது கூரை விசிறி ஓடக் கூடாது.

மறுமொழி 2: ஈப்போ வாசகர்

கால்நடை மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேலே ஐயா சொன்னவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சமையலறைத் தராசைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் இறகிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். சமையல் செய்யும் இடத்துக்கும் உணவு மேசைக்கும் கோழி வரவே கூடாது. அதன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது. மகள் அதைத் தூக்கியபின் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும், முத்தமிடக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொற்று கடுமையாகலாம் என்பதால், உங்கள் மகன் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகளைக் கண்டவன் என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அரிசியும் சோறும் மட்டும் போதாது. வளரும் கோழிகளுக்கான தீவனத்தை இப்போது கொடுங்கள். முதல் முட்டை கண்டபிறகு, புரதம் 16 விழுக்காட்டளவும் சுண்ணாம்புச்சத்து 4 விழுக்காட்டளவும் உள்ள முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்றுங்கள். முன்கூட்டியே மாற்றினால் மிகுதியான சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டுமளவு தானே கொத்திக்கொள்ளும். பல் இல்லாத பறவை தானியத்தை அரைக்கக் கொஞ்சம் பருமணலும் வேண்டும். முருங்கைக் கீரை கொடுக்கலாம். அவகாடோ, சாக்லேட், வேகாத பயறு வகைகள் ஆகவே ஆகா.

எச்சத்தை அன்றாடம் பாருங்கள். வெண்ணிறத் தொப்பியுடன் கெட்டியாக விழுவது வழக்கமானது. இடையிடையே பழுப்பு நிறத்தில் கூழாக, கடும் நாற்றத்துடன் விழுவது குருட்டுக்குடல் என்ற குடற்பையிலிருந்து வருவது, அதுவும் இயல்பே. பச்சையாக நீர்த்துக் கழிவதும், கழுத்து முறுக்குவதும், மூச்சிரைப்பதும் நியூகாசில் என்ற கொடிய கோழித் தொற்றுநோயின் அறிகுறிகளாகலாம். இந்நோய்க்கென, வெப்பத்தைத் தாங்கும் வி4 என்ற தடுப்பு மருந்தை நம் புத்ரா பல்கலைக்கழகத்தார் கிராமத்துக் கோழிகளுக்கென்று தீவனத்தில் கலந்து கொடுக்கும் வகையிலேயே உருவாக்கினார்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். வால் தாழ்ந்து, இறகு சிலிர்த்து, முக்கிக்கொண்டே நின்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். செராமாவின் சிறிய உடம்பில் இது விரைவாக உயிருக்கு ஆபத்தாகும். வெதுவெதுப்பான நீரில் வயிற்றுப் பகுதியை நனைத்து வைத்தபடி மருத்துவரிடம் விரைய வேண்டும்.

இரண்டாவது கோழி வந்தால் 30 நாள் வேறு அறையில் வைத்துப் பாருங்கள். 2004 ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் பகுதியில் பறவைக் காய்ச்சல் கண்டபோது எத்தனை வீடுகளின் கோழிகள் அழிக்கப்பட்டன என்பதை நினைத்தால், நன்கு அறிந்த இடத்துக் கோழியையும் இப்படிப் பிரித்து வைப்பது மிகையாகாது. அதன்பின் ஒரு வாரம் கம்பி வலைக்கு இருபுறமும் இருந்து ஒன்றையொன்று பார்க்கட்டும், பிறகு சேர்க்கலாம்.

மறுமொழி 3: கிள்ளான் வாசகி

வணக்கம் அக்கா. என் அனுபவத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் கோழிக்கு இது உதவ வேண்டும். எங்கள் வீட்டிலும் இரண்டு செராமா பெட்டைகள் இருந்தன. ஒரு காலை, ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய்விட்டேன். வெறும் கல் மிகையாகச் சூடாகி மெல்லிய புகை கிளம்பியது. எனக்குத் தலை மட்டும் வலித்தது. கூடத்தில் இருந்த கோழிகள் இரண்டும் மூச்சுத் திணறி, மருத்துவரிடம் கொண்டுபோகும் முன்பே இறந்துவிட்டன. பறவையின் நுரையீரல், காற்று ஒரே திசையில் ஓடும்படி அமைந்து, ஒவ்வொரு மூச்சிலும் நம்மைவிட மிகுதியாகக் காற்றிலுள்ளதை உறிஞ்சிவிடுகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறிவிடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, வாசனைத் தெளிப்பான் ஆகியவற்றையும் அவை இருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்திலும் கூண்டை வைக்காதீர்கள். வெப்ப நாட்டில் பிறந்த செராமா குளிரைத் தாங்காது.

இன்னொன்று: வலையடிக்கும் முன் குடியிருப்பு நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகள், மற்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடிய பிராணிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன. ஊராட்சி மன்றத்தின் விதியும் தனியே உண்டு. பெட்டைகளைப் பழக்கியபின் எடுத்துச் செல்லச் சொன்னால் குழந்தையின் மனம் உடைந்துபோகும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பினாங்கு வாசகி

அனைவருக்கும் நன்றி. தராசைப் பற்றிப் படித்தவுடன் கோழிக்கென்று தனித் தராசு வாங்கிவிட்டேன். கிள்ளான் தங்கைக்கு: உங்கள் இழப்பைப் படித்துவிட்டு என் தோசைக்கல்லை அன்றே தூக்கிப்போட்டேன். நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அனுமதி கிடைத்தால் பால்கனிக்கு வலையடித்து, மைத்துனரிடமிருந்து இந்தக் கோழியின் உடன்பிறந்த பெட்டையை வரவழைக்கிறோம். கிடைக்காவிட்டால் இதை அவரிடமே திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்து, மகளிடமும் இப்போதே சொல்லிவிட்டோம். அழுதாள், பிறகு, அங்கே அதற்குத் துணை இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

மண்தொட்டியை மாமியாரே தயாரித்தார். அக்கம்பக்கத்தில் விறகடுப்பு இல்லாததால், தங்கை வீட்டிலிருந்து ஒரு பை சாம்பல் வரவழைத்தார். முதல் நாள் கோழி தொட்டியைச் சுற்றி மட்டும் வந்தது. மறுநாள் காலை அதற்குள் இறங்கி முக்கால் மணி நேரம் புரண்டதாகவும், அவ்வளவு நேரமும் ஒரு முறைகூட கத்தவில்லை என்றும் மாமியார் என்னை அலுவலகத்துக்கே அழைத்துச் சொன்னார்.