பிரியாமையா, இணைபிரியாமையா?

நண்பருக்கு வணக்கம்.

செல் பிரியும்போது குரோமோசோம் இணை பிரியாமல் போகும் கோளாறான நான்-டிஸ்ஜங்ஷனுக்கு (nondisjunction) தமிழில் நீங்கள் சொன்ன ‘பிரியாமை’ சுருக்கமான சொல். ஆனால் எது பிரியவில்லை என்பதை அது சொல்வதில்லை. விந்தும் முட்டையும் உருவாகும் செல்பிரிவான மயோசிஸைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குன்றல் பகுப்பு என்கின்றன, இலங்கையில் ஒடுக்கற்பிரிவு. ஒடுக்கற்பிரிவு என்று படித்த மாணவர் ‘பிரியாமை’ என்று பார்த்தால், செல்லே பிரியாமல் நின்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் செல் ஒழுங்காகப் பிரிகிறது. ஆளுக்கொரு பக்கம் போக வேண்டிய இரண்டு குரோமோசோம்கள்தான் சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடுகின்றன.

மரபியலாளர் மார்கனின் ஆய்வகத்தில் கால்வின் பிரிட்ஜஸ் பழ ஈக்களில் கண்டதும் இதைத்தான். வெண்கண் தாயையும் செங்கண் தந்தையையும் சேர்த்தால் மகள்கள் செங்கண்ணோடும் மகன்கள் வெண்கண்ணோடும் பிறக்க வேண்டும். கண்நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும், மகளுக்கு இருவரிடமிருந்தும் வரும், அப்போது செங்கண்ணே ஓங்கும். ஆனால் அரிதாக வெண்கண் மகள்களும் பிறந்தன. தாயின் இரண்டு எக்ஸும் ஒரே முட்டைக்குள் போயிருந்தால்தான் இது நடக்கும். அந்த மகள்களின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தன. மரபணுக்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்பதற்கு இதையே சான்றாக வைத்து 1916-இல் அவர் எழுதினார்.

ஆக, சொல்லில் ‘இணை’ இருந்தே ஆக வேண்டும். என் முன்மொழிவு: இணைபிரியாமை. ‘இணைபிரியா நண்பர்கள்’ என்று எல்லோரும் சொல்கிறோம், புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. கோளாறுக்குப் போய் பாராட்டுச் சொல்லா என்று கேட்பீர்கள். இருக்கட்டும், மாணவர் மறக்க மாட்டார். இயல்பாக நடப்பதை ‘இணைபிரிதல்’ என்றும் சொல்லிக்கொள்ளலாம். ‘இணை விலகாமை’யையும் யோசித்தேன். புள்ளியியலில் திட்ட விலக்கம் இருப்பதால் விட்டுவிட்டேன்.

மயோசிஸின் இரண்டு கட்டங்களுக்கும் இது பொருந்துகிறது. முதல் கட்டத்தில் பிரிய வேண்டியது தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்களின் இணை. இரண்டாவதில் ஒரே குரோமோசோமின் நகல் இழைகளான இரு குரோமாடிட்கள், அவையும் இணைதான். 21-ஆம் குரோமோசோம் இப்படிப் பிரியாமல், 23-க்குப் பதில் 24 குரோமோசோம்களோடு முட்டை உருவாகி, கருவில் 46-க்குப் பதில் 47 ஆவதே பெரும்பாலான டவுன் நோய்க்குறிக்குக் காரணம். 47 என்பதை 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். பிழை பெரும்பாலும் தாயின் முட்டையில், அதிலும் முதல் கட்டத்தில் நேர்கிறது. பெண் கருவிலிருக்கும்போதே தொடங்கும் அந்தக் கட்டம் பல ஆண்டுகள் பாதியில் நிற்கிறது. பிரியும் நேரம் வரை இணையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய கொஹீசின் புரதம் அதற்குள் நலிந்து, பங்கீடு தாறுமாறாகிவிடுவது ஒரு காரணம் என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரிட்ஜஸ் ‘முதன்மை’, ‘இரண்டாம்’ என்று பிரித்தது இந்தக் கட்டங்களை அல்ல. சாதாரணப் பெண் ஈயில் நேர்ந்தால் முதன்மை. ஏற்கெனவே ஒரு ஒய் கூடுதலாக உள்ள பெண் ஈயில் நேர்ந்தால் இரண்டாம் வகை, அங்கே இது பல மடங்கு அதிகம். எனவே மயோசிஸுக்கு ‘முதற்கட்ட இணைபிரியாமை’, ‘இரண்டாங்கட்ட இணைபிரியாமை’ என்றும், பிரிட்ஜஸின் வகைகளுக்கு ‘முதன்மை’, ‘வழிவந்த’ என்றும் வைக்கலாமா? ‘வழிவந்த’ எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.