மாத்திரையைக் குறைத்ததும் இடுப்பும் கழுத்தும் மறுபடி இறுகுகின்றன. என்ன செய்வது?

விடிவெள்ளி:

எனக்கு வயது 66. போன வருடம் ஒரு நாள் காலையில் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை. முந்தின நாள் கனமாக எதையும் தூக்கவில்லை, விழவும் இல்லை. கழுத்து, இரண்டு தோள், இடுப்பு, தொடையின் மேல்பாகம் எல்லாம் ஒரே ராத்திரியில் கயிறு போட்டுக் கட்டின மாதிரி இறுகிவிட்டன. கழிவறையில் உட்கார்ந்தால் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். தலை வாரக் கை உயராது. மதியத்துக்கு மேல் ஓரளவு நடமாடுவேன், மறுநாள் விடிந்தால் பழையபடி ஆகிவிடும். முதலில் பார்த்த மருத்துவர் வயதின் கோளாறு என்றார். நானும் அதை நம்பி இரண்டு மாதம் தைலமும் வலி மாத்திரையுமாக ஓட்டினேன்.

அப்புறம் வாதநோய் நிபுணர் ஒருவரிடம் போனோம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனை எடுத்தார். ஈ.எஸ்.ஆர். 78க்கு ஏறியிருந்தது, சி.ஆர்.பி.யும் ஏறியிருந்தது. தோளையும் இடுப்பையும் இறுக்கும் அழற்சி நோய், பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று சொல்லி, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 15 மி.கி. கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அழுகை வந்துவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 8 வரைக்கும் சிக்கல் இல்லை. மூன்று வாரம் முன்பு 7 ஆக்கினோம். இப்போது கழுத்திலும் இடுப்பிலும் வலி வந்துவிட்டது. நோய் திரும்பிவிட்டதா, மருந்து குறைவதால் வருவதா, இல்லை வேறு ஏதாவதா? நானாகவே மறுபடி 15 போட்டுக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இதே வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

மெதுநடை:

சகோதரி, எனக்கு 71. இந்த நோயோடு நான்காவது வருடம். நீங்களாக ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம், பயந்துபோய் நிறுத்திவிடவும் வேண்டாம். இவ்வளவு நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் அதனால் ஈடுகொடுக்க முடியாது, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 10 மி.கி.க்குக் கீழே வந்தபின் மாதத்துக்கு 1 மி.கி. குறைப்பதுதான் வழக்கம். நான் அவசரப்பட்டு 9லிருந்து ஒரேயடியாக 7க்கு இறங்கினேன். ஆறாம் நாளே படுக்கையிலிருந்து மனைவி கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் கேட்டிருப்பதில் முக்கியமானது எந்த வலி என்று பிரிப்பது. எனக்கு அதில்தான் ஒரு வருடம் வீணானது. நோய் திரும்பினால் இரண்டு பக்கமும் வரும், விடியலில் உச்சத்தில் இருக்கும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் விடாது, நடமாட நடமாட இளகும். தேய்மான வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும், வேலை செய்யச் செய்யக் கூடும், சாயங்காலம் படுத்தி எடுக்கும்.

நான் தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு விழித்தேன், எத்தனை மணிக்கு வலது கை அலமாரியின் மேல்தட்டைத் தொட்டது, இந்த இரண்டை மட்டும் எழுதுவேன். நல்ல நாட்களில் 5.40, 6.05 என்று இருக்கும். நோய் உண்மையாகத் திரும்பிய வாரத்தில் 5.30, 9.15. அந்தப் பக்கத்தைக் காட்டியதும் மருத்துவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். கடைசியாக நன்றாக இருந்த அளவுக்கே திரும்பப் போனோம், 15க்குப் போகத் தேவைப்படவில்லை. இன்னொரு முறை கழுத்து வலித்தபோது நோட்டில் மாற்றமே இல்லை, சி.ஆர்.பி.யும் சரியாக இருந்தது. குனிந்தே படித்ததில் கழுத்து எலும்புத் தேய்மானம் தலைகாட்டியிருக்கிறது. அதற்கு மாத்திரையை ஏற்றியிருந்தால் வீண்.

தசையை அழுத்திப் பிடித்துவிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலி தசையில் தெரிந்தாலும் அழற்சி அங்கே இல்லை. தோள், இடுப்பு மூட்டுகளைச் சுற்றியுள்ள பர்சா என்னும் திரவப் பைகளிலும் மூட்டு உறைகளிலும் இருக்கிறது. அதனால் அழுத்தமான மசாஜ் எனக்குத் துளியும் உதவவில்லை. உதவியது இதுதான்: விழித்ததும் எழாமல், படுத்தபடியே முழங்காலை மடக்கி இரண்டையும் சேர்த்து மெல்ல இடமும் வலமும் சாய்ப்பேன், பத்துத் தடவை. அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாடையைப் பின்னுக்கு இழுத்து விடுவேன். பிறகு கழுத்திலும் தோளிலும் படும்படி வெந்நீர்க் குளியல். குளித்த கையோடு சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏற்றுவேன். பகலில் ஒரே இடத்தில் அரைமணிக்கு மேல் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும்.

தாழ்வாரம்:

அம்மா, ஒன்று மட்டும் கேட்கிறேன். நெற்றிப் பொட்டில் புதிதாகத் தலைவலி இருக்கிறதா? சீப்புப் பட்டால் தலை வலிக்கிறதா? மெல்லும்போது தாடை அசந்துபோகிறதா? பார்வை மங்குவது, இரண்டாகத் தெரிவது?

என் தாயாருக்கும் இதே நோய்தான். தாடை வலியைப் பல்வலி என்று நினைத்து நாங்கள் பல் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரத்தில் இடது கண்ணில் திரை விழுந்தது, அந்தப் பார்வை திரும்பவே இல்லை. ஜெயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ், ரத்தக்குழாய் அழற்சி. அது வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உங்களுக்கு இருக்கும் தோள், இடுப்பு இறுக்கமும் இருக்கும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுக்கிறோம், வராது என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு 40 முதல் 60 மி.கி. வரை தேவைப்படும். மேலே கேட்டதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

விடிவெள்ளி:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. தலைவலி இல்லை, தாடையும் கண்ணும் சரியாக இருக்கின்றன. நீங்கள் கேட்டிராவிட்டால் இதையெல்லாம் கவனித்திருக்கவே மாட்டேன்.

ஐயா, நீங்கள் சொன்னபடி யோசித்துப் பார்த்தேன். இடுப்பு இரண்டு பக்கமும் விடியலில்தான் பிடிக்கிறது. கழுத்து அப்படியில்லை. வலது பக்கம் மட்டும், அதுவும் சாயங்காலம், ஊசி நூலோடு உட்கார்ந்த பிறகு. இரண்டையும் ஒரே வலி என்று நினைத்துக் குழம்பியிருக்கிறேன். ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனமாக்கும் என்கிறார்களே, எலும்புக்கு உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா?

மெதுநடை:

கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளிலிருந்தே. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவ்வப்போது பார்க்கிறார்கள். உங்களுக்கு ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் இந்த முறை கேளுங்கள். கழுத்தையும் இடுப்பையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், சேர்த்துச் சொன்னால் மருத்துவரும் குழம்புவார்.

விடிவெள்ளி:

இன்று காலை எழுதியது: 5.20, 6.50. 7 மி.கி.யிலேயே இருக்கிறேன். நாளைக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுக்கும் ரத்தம் கொடுக்கிறேன், நாளை மறுநாள் மருத்துவரைப் பார்க்கிறேன். என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.