நிபா: கேரளாவில் ஒரு கேஸ் வந்தாலே நாடுகாணியில் காய்ச்சல் பார்க்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பயப்படணும்?

கேள்வி: கூடலூர்வாசி

மலப்புறத்திலோ கோழிக்கோட்டிலோ ஒரு நிபா கேஸ் உறுதியானால் போதும், அன்னிக்கே எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப் ரெண்டாப் பிரிஞ்சுடுது. ஒரு பக்கம் "நூத்துக்கு எழுபது பேர் போயிடுவாங்க, கொரோனாவெல்லாம் இதுகிட்ட நிக்காது, எல்லையை மூடுங்க". இன்னொரு பக்கம் "ஒருத்தர் இறந்ததுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, எல்லாம் டிவிக்காரன் பண்ற வேலை". ரெண்டு பக்கமும் எண்ணோடதான் பேசுறாங்க. யார் சொல்றது சரி? நாடுகாணி, பாட்டவயல் எல்லை செக்போஸ்ட்ல நெத்திக்கு நேரா தெர்மாமீட்டர் பிடிக்கிறாங்களே, அதால ஏதாவது பிரயோஜனம் உண்டா? பழம், பதநீர் எல்லாம் நிறுத்தணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஃபார்வர்டு வேண்டாம்.

பதில்: கணக்குப்பிள்ளை

ரெண்டு தரப்பு எண்ணும் ஏறக்குறைய சரிதாங்க. ஒருத்தர் "வந்தால் என்ன ஆகும்" என்பதற்குப் பதில் சொல்கிறார், மற்றவர் "எனக்கு வருமா" என்பதற்குச் சொல்கிறார். ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

நிபா என்பது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து மனிதருக்கு வரும் வைரஸ் நோய். வந்தால் என்ன ஆகும்: உலகளவில் இறப்பு விகிதம் 40 முதல் 75 சதவீதம். இதில் மிகை ஏதும் இல்லை. 2018 கோழிக்கோடு, மலப்புறம் பரவலில் ஆய்வுக் கணக்குப்படி 23 பேர், அதில் 21 பேர் இறந்தார்கள். அரசுக் கணக்கில் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர்தான். மாதிரி எடுக்கும் முன்பே இறந்துபோய், அறிகுறியையும் தொடர்பையும் வைத்துச் சேர்க்கப்பட்டவர்கள் மீதி 5 பேர். "எண்ணை மறைக்கிறாங்க" என்று சுற்றும் ஃபார்வர்டுகளில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

எனக்கு வருமா: வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை பதிவான 248 நோயாளிகளை ஆராய்ந்ததில் 82 பேருக்குத்தான் இன்னொரு மனிதரிடமிருந்து தொற்றியிருந்தது. சராசரியாக ஒரு நோயாளி 0.33 பேருக்குக் கொடுக்கிறார். அதாவது மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒரு புது நோயாளியை உண்டாக்குகிறார்கள். எண் 1-க்குக் கீழே இருந்தால் சங்கிலி தானாகவே அறுந்துவிடும். கொரோனாவின் முதல் வகைக்கு இது 2-லிருந்து 3 வரை இருந்தது. இன்னொன்று, கொரோனா அறிகுறி தெரியும் முன்பே பரவியது. நிபா பெரும்பாலும் ஆள் படுத்த பிறகு, இருமலும் மூச்சுத்திணறலும் முற்றிய கட்டத்தில்தான் பரவுகிறது. அந்தக் கட்டத்தில் அவர் பஸ்ஸில் போகமாட்டார், ஆஸ்பத்திரியில் இருப்பார்.

சிக்கலே அங்கேதான். 0.33 என்பது சராசரி. பெரும்பாலான நோயாளிகள் யாருக்குமே கொடுப்பதில்லை, ஒன்றிரண்டு பேர் பத்து இருபது பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2001-ல் சிலிகுரியில் 66 பேர், 45 மரணம். பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குள் பரவியது. 2018 கோழிக்கோட்டில் வௌவாலிடமிருந்து வந்தது முதல் ஆளுக்கு மட்டும் என்றுதான் கருதப்படுகிறது. அவரிடமிருந்து அது 3 மருத்துவமனைகளில் மற்றவர்களுக்குப் போனது. பேராம்பரா தாலுகா மருத்துவமனையில் அவரைக் கவனித்த செவிலியர் லினி இறந்தது அந்தச் சங்கிலியில்தான். ஆக, சந்தைக்குப் போக பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சலோடு மயக்க நிலையில் ஒருவர் வந்து இறங்கும் கேஷுவல்டிதான் பயப்பட வேண்டிய இடம்.

பதில்: எதிர்க்கட்சி

சரி, அப்போ நான் அந்த "டிவிக்காரன் வேலை" கோஷ்டிக்காகக் கேட்கிறேன். இந்தியாவில் ரேபிஸில் ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் சாகிறார்கள். காசநோயில் சுமார் 3 லட்சம். கேரளாவில் நிபா மரணம் 2021-ல் ஒன்று, 2023-ல் இரண்டு, 2024-ல் இரண்டு. இதற்காக 2023 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பள்ளிகளை மூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்புப் பட்டியலில் வைத்தார்கள். தெருநாய்க்கு இந்த வேகம் உண்டா? சங்கிலி தானாகவே அறுந்துவிடும் என்று நீங்களே சொல்கிறீர்களே.

பதில்: கணக்குப்பிள்ளை

ரேபிஸ் பற்றிச் சொன்னது நியாயம், அதில் எதிர்வாதம் இல்லை. ஆனால் தொடர்புப் பட்டியலையும் பள்ளி மூடலையும் ஒரே பையில் போடாதீர்கள். தொடர்புப் பட்டியல்தான் 2023-ன் அந்த இரண்டு மரணத்தை இரண்டாகவே நிறுத்தியது. 2023-ல் முதலில் இறந்தவருக்கு நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவர் குடும்பத்தினரும், அவர் இருந்த மருத்துவமனைக்கு வேறு வேலையாக வந்தவரும் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் பின்னோக்கிப் பார்த்தார்கள். 6 பேரோடு முடிந்தது. பட்டியல் இல்லாவிட்டால் அடுத்த நோயாளி ஒரு தனியார் கிளினிக்கில் "வைரல் ஃபீவர்" சீட்டோடு உட்கார்ந்திருப்பார்.

பள்ளி மூடலைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான். நிபா வகுப்பறையில் பரவிய நோயல்ல. முழு மாவட்டத்தை மூடியது பெற்றோரின் பதற்றத்துக்கான மருந்து. தொற்று இருந்த வார்டுகளை மட்டும் கட்டுப்பாட்டுப் பகுதியாக வைத்திருந்தால் போதும் என்பது என் கருத்து.

செக்போஸ்ட் தெர்மாமீட்டரும் அதே ரகம். 2018-ல் தொற்றியதிலிருந்து அறிகுறி வர நடுவளவாக 9.5 நாள், 6-லிருந்து 14 வரை. அந்த நாட்களில் உடம்பு சூடே இருக்காது. இரண்டு பாராசிட்டமால் போட்டவருக்கும் இருக்காது. பிடிபடுவது சாதாரண சளிக்காய்ச்சல்தான். அங்கே நிற்கும் ஆட்களை கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனை வாசலில் நிறுத்தி, "காய்ச்சலா? கடந்த 3 வாரத்தில் எங்கே போனீர்கள், எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேட்க வைத்தால் பத்து மடங்கு பலன். அதோடு, புணே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வில் தமிழ்நாடு, புதுச்சேரி பழந்தின்னி வௌவால்களிலும் நிபா தொற்றுக்கான தடயம் கிடைத்திருக்கிறது. வைரஸுக்கு வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் வரணும் என்று ஒன்றுமில்லை.

மலேசியாவை ஒருமுறை பாருங்கள். 1998-ல் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் குறையவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பொதுவாகக் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்கள் வேலை செய்யும் பெரியவர்கள், அதிலும் தடுப்பூசி போட்டவர்கள். 1999 மார்ச்சில் புது வைரஸ் என்று தெரிவதற்குள் மாதங்கள் போய்விட்டன. மொத்தம் 265 பேர், 105 மரணம், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன. தாமதத்துக்கு அவ்வளவு விலை.

பதில்: வார்டு டியூட்டி

மேலே சொன்னதில் ஆஸ்பத்திரிப் பகுதியைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

எப்போது சந்தேகப்படணும்: காய்ச்சல், தலைவலியோடு குழப்பமான பேச்சு, தூக்கக் கலக்கம் அல்லது வலிப்பு, இல்லையென்றால் காய்ச்சலோடு வேகமாக மோசமாகும் மூச்சுத்திணறல். இதோடு பரவல் உள்ள பகுதித் தொடர்பு இருந்தால் ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் தனி அறை. ஒரே வீட்டிலோ ஒரே வார்டிலோ இரண்டு பேருக்கு இப்படி வந்தால் ஊர்த் தொடர்பு இல்லாவிட்டாலும் மேலே தகவல் சொல்லணும். 2018-ல் பிடிபட்டதே அப்படித்தான், அதே குடும்பத்தில் அடுத்தவர் வந்தபோது.

அதற்காக "நிபாவா இருக்குமோ" என்றே உட்கார்ந்துவிடக் கூடாது. நம் பக்கம் காய்ச்சலோடு மயக்கம் என்றால் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்), ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல், டெங்கு எல்லாம் இதைவிட அதிகம். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் என்று மருந்தே இருக்கிறது. நிபா பயத்தில் அவை தாமதமானால் காப்பாற்றக்கூடிய ஆளை இழப்போம்.

மாதிரி: தொண்டை சளி, ரத்தம், சிறுநீர், முடிந்தால் தண்டுவட நீர். 2 முதல் 8 டிகிரியில், மூன்றடுக்குப் பொதியில் போகணும். ஆர்.டி.பி.சி.ஆர் நோயின் தொடக்க நாட்களில்தான் நம்பகம். நாள் கடந்தால் ஆன்டிபாடி சோதனையும் வேண்டும். ஒரு நெகட்டிவை வைத்துத் தனிமையை எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அறிகுறி இல்லாதவர் "எதுக்கும் ஒரு டெஸ்ட்" என்று கேட்பதில் பயனே இல்லை.

கூட இருப்பவர் ஒருவர் மட்டும். நம் வழக்கப்படி நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பதும், இருமுகிறவருக்குக் கையால் ஊட்டுவதும், அதே டம்ளரில் மிச்சத்தைக் குடிப்பதும்தான் இந்த வைரஸுக்குத் தேவை. சர்ஜிகல் மாஸ்க் போதாது. பக்கத்தில் போகிறவருக்கு என்95, கண்ணாடி, கையுறை, கவுன். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போதும் சளி உறிஞ்சும்போதும் அறையில் தேவையானவர்கள் மட்டும்.

தரை, கட்டில், வாந்தி சுத்தம்: 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராம், 1 லிட்டர் தண்ணீர், இது 1 சதவீதக் குளோரின் கரைசல். முதலில் வாந்தியை, ரத்தத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் ஊற்றணும், இல்லாவிட்டால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஸ்பிரே அடிக்காதீர்கள். தினமும் புதிதாகக் கலக்கணும். வாய் திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரினே இருக்காது, வாசனையை வைத்து ஏமாறக் கூடாது. ஆசிட்டோடு சேர்த்தால் விஷவாயு. கைக்கு சோப்பே போதும். மேலே கொழுப்பு உறை உள்ள வைரஸ், சோப்பில் உடைந்துவிடும்.

இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவதும், முகத்தில் முகம் வைத்து அழுவதும் கூடாது. சொல்வது சுலபம், வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் மணி நேரத்திலேயே குடும்பத்தில் ஒரு பெரியவரிடம் பேசிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

பதில்: பனங்காட்டு நரி

பழம், பதநீர் கேள்விக்கு.

வங்கதேசத்தில் தொற்றும் வழி தெளிவு: குளிர்காலத்தில் ஈச்ச மரத்தில் இரவு முழுக்கக் கட்டிய பானையில் சேரும் சாற்றை வௌவால் நக்கிக் குடிக்கும், சிறுநீரும் விழும், விடிந்ததும் சூடாக்காமல் குடிப்பார்கள். அதற்கு அவர்கள் மூங்கில் தட்டியால் மரத்தில் சீவிய இடத்தையும் பானையையும் மூடுகிறார்கள். கேரளாவில் வழி இன்னும் நிரூபணம் ஆகவில்லை. 2018-ல் முதல் நோயாளி வீட்டுக் கிணற்றில் பிடித்த வௌவால்களில் வைரஸ் இல்லை என்று செய்தி வந்ததும் "வௌவால் காரணமில்லை" என்று ஒரு அலை கிளம்பியது. அவை பூச்சி தின்னும் வகை. பிறகு அந்தப் பகுதியில் பிடித்த பழந்தின்னி வௌவால்கள் சிலவற்றில் வைரஸ் கிடைத்தது.

நம் பதநீரும் திறந்த கலயத்தில்தான் இறங்குகிறது. உள்ளே தடவும் சுண்ணாம்பு புளிக்காமல் இருக்கத்தான், அதை வைரஸ் மருந்தாக நினைக்க வேண்டாம். பரவல் நேரத்தில் பச்சையாகக் குடிப்பதைத் தள்ளிப்போடலாம். கொதித்துக் காய்ச்சிய கருப்பட்டிக்கு ஒன்றும் ஆகாது. பழத்தில் கடி, கீறல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுதாகத் தூர எறியுங்கள். மற்றதைக் கழுவித் தோலுரிக்கலாம். சந்தைப் பழம் மொத்தத்தையும் நிறுத்துவது வியாபாரி வயிற்றில் அடிப்பது மட்டும்தான்.

தயவுசெய்து வெடி போட்டு வௌவாலை விரட்டாதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள். கலைந்த கூட்டம் வேறு தோப்புக்குப் போகும், அழுத்தத்தில் வைரஸை அதிகம் வெளியேற்றவும் வாய்ப்பு உண்டு.

கூடலூர்வாசி

நன்றிங்க எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு: பெரிந்தல்மண்ணாவில் சொந்தத்துல கல்யாணம், போகலாமா?

வார்டு டியூட்டி

மண்டபம் கட்டுப்பாட்டு வார்டுக்குள் இருக்கிறதா என்று மலப்புறம் மாவட்ட நிர்வாக அறிவிப்பில் பாருங்க, இல்லைன்னா தாராளமாப் போங்க. அங்கே போன கையோடு ஆஸ்பத்திரியில் இருக்கிற சொந்தக்காரரையும் எட்டிப் பார்த்துட்டு வர்ற பழக்கத்தை மட்டும் இந்தத் தடவை விட்டுடுங்க. திரும்பி 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் முதலில் போனில் சொல்லிவிட்டு, என்95 போட்டுக்கிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்க. மலப்புறம் போய் வந்ததை அவங்க கேட்காவிட்டாலும் சொல்லுங்க.