மறு: ‘நிரப்பு மதிப்பு’ என்னும் சொல்லுக்கு மாற்று

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

செயற்கைக்கோள் காலநிலைத் தரவைக் கட்டற்ற மென்பொருள்களால் பகுத்தாய்வதற்கு நாம் எழுதிவரும் தொடக்கநிலைக் கையேட்டின் மூன்றாம் இயலைச் சென்ற வாரம் அனுப்பியிருந்தேன். தரவு இல்லாத இடத்தில் கோப்பில் எழுதப்படும் எண்ணுக்கு அதில் ‘நிரப்பு மதிப்பு’ என்று எழுதியிருந்தேன். நம்முடைய பழைய சொற்பட்டியலில் இருந்ததை அப்படியே எடுத்தாண்டேன். இப்போது அந்தச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘fill value’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளையும் ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறோம் என்பதைத் தவிர அதன் பக்கம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று கண்டுகொண்டேன். கண்டுகொள்ள வைத்தவர் தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் மாணவி ஒருவர்.

வகுப்பில் மோடிஸ் கருவியின் நிலப்பரப்பு வெப்பநிலைத் தரவைப் பயன்படுத்துகிறோம். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள அக்கருவியின் பதிவுகள் 2000 பிப்ரவரியிலிருந்து கிடைக்கின்றன. நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி யாரும் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். எம்ஓடி11ஏ2 என்னும் கோப்பு வரிசை எட்டு நாளுக்கு ஒரு படிமமாக, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள படப்புள்ளிகளில், ஆண்டுக்கு 46 படிமங்கள் தருகிறது. பழைய மடிக்கணினிகளும் தாங்கும் அளவுதான் என்பதால் தொடக்கத்துக்கு ஏற்றது.

அந்தக் கோப்பில் வெப்பநிலை நேரடியாக எழுதப்பட்டிருப்பதில்லை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 65535 வரையிலான ஒரு முழு எண்ணைப் பதித்திருக்கிறார்கள். அதை 0.02ஆல் பெருக்கினால் கெல்வினில் விடை கிடைக்கும், அதிலிருந்து 273.15ஐக் கழித்தால் செல்சியஸ் ஆகும். 15300 என்றிருந்தால் 306 கெல்வின், அதாவது 32.85 பாகை செல்சியஸ். செல்லத்தக்க எண்கள் 7500இலிருந்து தொடங்குகின்றன. மேகம் மறைத்ததாலோ வேறு காரணத்தாலோ வெப்பநிலை கிடைக்காத புள்ளிகளில் 0 என்று எழுதியிருக்கும். முழு எண்ணாகச் சேமிக்கும்போது ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்குத் தனி வடிவம் கிடையாது. எனவே இருக்கும் எண்களுள் ஒன்றையே அந்தச் செய்திக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நாம் பெயர் தேடுவது அந்த எண்ணுக்குத்தான்.

மாணவி தம் தெருவுக்குரிய படப்புள்ளியின் ஓராண்டு எண்களை க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் வழியாக எடுத்து, லிபர்ஆபிஸ் கால்க் அட்டவணையில் இட்டு, பெருக்கிக் கழித்துச் சராசரி கண்டார். தண்டையார்பேட்டை உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. வகுப்பே சிரித்தது. நான் இயலைத் திறந்து, ‘நிரப்பு மதிப்பை நீக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேனே, அம்மா’ என்றேன். அதற்கு அவர், ‘விட்டுப்போன இடங்களை அவர்களே கணக்கிட்டு நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே, ஐயா, இதற்குப் பொருள்? நிரப்பிய மதிப்பை ஏன் நீக்க வேண்டும்?’ என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. தமிழாகப் படித்தால் அவர் சொன்ன பொருள்தான் வருகிறது.

சிரிப்போடு போகிற பிழையும் அன்று. ஓராண்டின் 46 படிமங்களில் 39இல் 33 பாகையும் மற்ற 7இல் இந்த எண்ணும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 0வும் −273.15 பாகையாக மாறிச் சராசரி −13.6 என்று வரும். அது தவறு என்று குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் ஒரே ஒரு படிமத்தில் மட்டும் அது இருந்தால் சராசரி 26.3 என்று வரும். ஏறத்தாழ ஏழு பாகை தவறான அந்த விடை, கடலோர ஊருக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுவதால், யார் கண்ணிலும் படாமல் அறிக்கைக்குள் போய்விடும். செடிகொடிகளின் செறிவைக் காட்டும் மோடிஸின் பசுமைக் குறியீட்டுக் கோப்புகள் இதைவிட வஞ்சகமானவை. அவற்றில் இந்த வேலைக்கு ஒதுக்கிய எண் −3000, 0.0001ஆல் பெருக்கினால் −0.3 ஆகிறது. நீர்ப்பரப்பின் பசுமைக் குறியீடு பெரும்பாலும் எதிர்மதிப்பாகவே இருக்கும் என்பதால், எண்ணூர்க் கழிமுகத்தில் −0.3 என்று கண்டால் ‘தண்ணீர்தானே’ என்று கடந்துவிடுவோம்.

மென்பொருள்கள் உதவுகின்றன என்பது உண்மை. கோப்பின் தலைப்பகுதியில் அந்த எண் முறையாக அறிவிக்கப்பட்டிருந்தால், பைத்தானின் எக்ஸ்அரே நூலகம் கோப்பைத் திறக்கும்போதே அதை நீக்கிவிடும். ஹாம்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய சிடிஓ என்னும் காலநிலைத் தரவுக் கருவி, ‘இன்ஃபோஎன்’ என்று கட்டளையிட்டால், எத்தனை புள்ளிகளில் தரவு இல்லை என்பதைத் தனி நெடுவரிசையில் எண்ணிக் காட்டும். ஆனால் எண்கள் அட்டவணைக்குள் வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. அதன் பிறகு படிப்பவருக்குத் துணையாக இருப்பது நாம் வைக்கும் பெயர் ஒன்றுதான்.

குழுமத்தில் முன்பே வந்த மாற்றுகளையும் பார்த்தேன். ‘வெற்றெண்’ என்பது சுழியத்தோடு குழம்பும். ‘எண்ணிலி’ என்பதை நண்பர் ஒருவர் விரும்பினார். ஆனால் தமிழில் எண்ணிலி என்றால் எண்ணி முடியாதது. முடிவிலிக்குப் பக்கத்து வீடு. நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர்த்திசை. ‘பதரெண்’ என்ற முன்மொழிவு என்னை இரண்டு நாள் மயக்கியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்: பார்க்க நெல், உள்ளே அரிசி இல்லை. இருந்தாலும் பதர் கதிரில் விளைந்தது. கருவி அளந்து, ஆனால் மெல்லிய மேகத்தாலோ வேறு கோளாற்றாலோ நம்பத்தகாததென்று தரக்குறியீட்டில் குறிக்கப்பட்ட அளவீடுதான் பதர். அதற்கென்று அந்தச் சொல்லைப் பத்திரப்படுத்தி வைப்போம். நாம் பேசுவது விளையவே இல்லாத இடத்தைப் பற்றி.

என் முன்மொழிவு ‘இன்மைக்குறி’. ‘மதிப்பு’, ‘எண்’ ஆகிய இரண்டையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். குறி என்று சொல்லிவிட்டால் அதைக் கூட்டவோ சராசரி காணவோ யாருக்கும் கை வராது. ‘நிரப்பு’ என்னும் வேரைக் காலியாக விட்டால், இடைவெளிகளை அண்டைப் புள்ளிகளிலிருந்து மதிப்பிட்டு உண்மையாகவே நிரப்பும் செயலுக்கு அது பயன்படும்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து

*

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

‘நிரப்பு மதிப்பு’ போக வேண்டியதுதான். ‘குறி’ என்று முடித்திருப்பதும் சரி. எனக்குத் தடை முதற்பாதியில் இருக்கிறது.

நான் காசிமேட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் படகுக் கணக்கு நோட்டு உண்டு. கடலுக்குப் போய் வலை விட்டு வெறுங்கையோடு திரும்பிய நாளில் ‘பாடு இல்லை’ என்று எழுதுவார்கள் (பாடு என்பது வலையில் கிடைத்த மீன்). கடலுக்கே போகாத நாளில் ‘தொழில் இல்லை’ என்று எழுதுவார்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முழுவதும் நோட்டில் இரண்டாவது தொடர்தான் இருக்கும். இரண்டு இடத்திலும் 0 என்று எழுதி ஆண்டுச் சராசரிப் பாடு கணக்கிட்டால், அந்தக் கணக்கை நம்பி ஒருவரும் டீசல் போட மாட்டார்கள்.

இப்போது ‘இன்மை’யைப் பாருங்கள். ‘பாடு இல்லை’ என்பதும் இன்மைதான். ‘தொழில் இல்லை’ என்பதும் இன்மைதான். எது இல்லை என்பதை உங்கள் சொல் சொல்லவில்லை. செயற்கைக்கோள்களைக் கொண்டு அரைமணிக்கு ஒருமுறை மழையை மதிப்பிடும் நாசாவின் ஐமெர்ஜ் தரவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அங்கே 0 என்பது உண்மையான அளவீடு: செயற்கைக்கோள் பார்த்தது, மழை பெய்யவில்லை. பார்வை கிடைக்காத இடத்துக்கு அங்கே −9999.9 என்று எழுதுகிறார்கள். வெப்பநிலைக் கோப்பில் 0 எதைச் சொல்கிறதோ அதையே மழைக் கோப்பில் −9999.9 சொல்கிறது, மழைக் கோப்பின் 0வோ முற்றிலும் வேறு. ‘இன்மைக்குறி’ என்று படிக்கிற மாணவர், மழையின்மையைக் காட்டும் 0வையும் அதே பெயரால் அழைத்து நீக்கிவிட்டால், திருவொற்றியூரில் மழை பெய்த அரைமணிகள் மட்டுமே மிஞ்சி, சராசரி மழை எங்கோ ஏறிவிடும்.

‘பதிவின்மைக்குறி’ என்றால் தெளிவு வருகிறது, ஆனால் நாக்கு களைத்துவிடும். ‘விடுபட்ட தரவு’ என்று புள்ளியியலார் ஏற்கெனவே சொல்லிவருகிறார்கள். அந்த ‘விடு’வை எடுத்துக்கொண்டு ‘விடுகுறி’ என்றால் என்ன? விடுமுறை போல வினைத்தொகையாகப் பொருந்துகிறது. விடுமுறை நாளில் பள்ளிக்கு வராதவருக்கு யாரும் சுழியம் மதிப்பெண் போடுவதில்லை.

வணக்கத்துடன்,
காசிமேட்டிலிருந்து

*

காசிமேட்டிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம்.

நான் தோற்றேன், மகிழ்ச்சியாகத் தோற்றேன். ‘தொழில் இல்லை’ என்னும் தொடரை, உங்கள் இசைவு இருந்தால், கையேட்டின் அந்த இயலுக்குத் தொடக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

‘விடுகுறி’யை மூன்று நாள் வகுப்புக் குறிப்புகளில் இட்டுப் பார்த்தேன். கிளைச் சொற்கள் தடையின்றி வருகின்றன. குறி விழுந்த படப்புள்ளி ‘விடுபுள்ளி’. மொத்தப் புள்ளிகளில் அவை எத்தனை பங்கு என்பது ‘விடுபங்கு’. இந்தக் கடைசிச் சொல் நமக்கு மிகவும் தேவை. ஏனென்றால் நம் ஊரில் விடுபுள்ளிகள் ஆண்டு முழுவதும் சீராகச் சிதறிக் கிடப்பதில்லை. வெப்ப அகச்சிவப்புக் கதிரை மேகம் மறைத்துவிடும் என்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவை குவிகின்றன. எட்டு நாள் படிமமும் அந்த எட்டு நாளில் வானம் தெளிந்திருந்த நாட்களின் சராசரியே ஆகும். எனவே விடுகுறிகளை ஒழுங்காக நீக்கிய பிறகும், கிடைக்கும் நவம்பர் வெப்பநிலை, நவம்பரில் வெயில் அடித்த நாட்களின் வெப்பநிலைதான். குறியை நீக்குங்கள் என்று மட்டும் எழுதிவிட்டு, நீக்கியது எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதைச் சொல்லச் செய்யாமல் விட்டது என் இயலின் இரண்டாவது குறை. இனிச் சராசரி தரும் ஒவ்வோர் அட்டவணையிலும் பக்கத்திலேயே விடுபங்குக்கு ஒரு நெடுவரிசை இருக்கும்.

மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் கீழ்க்கண்டவாறு பதிந்துவிடுகிறேன்:

விடுகுறி: அளவீடு நடைபெறாத அல்லது கிடைக்காத இடத்தைக் காட்டுவதற்காகத் தரவுக் கோப்பில் எழுதப்படும், அளவீடு அல்லாத எண். கோப்புக்குக் கோப்பு மாறும் (மோடிஸ் நிலப்பரப்பு வெப்பநிலையில் 0, ஐமெர்ஜ் மழையில் −9999.9). பெருக்குக் காரணியைப் பயன்படுத்துவதற்கு முன்பே நீக்கப்பட வேண்டும். ‘நிரப்பு மதிப்பு’ என்னும் பழைய வழக்கு விலக்கப்பட்டது.

தசம எண்களில் ‘எண் அல்லாதது’ என்று கணினி தனியாக வைத்திருக்கும் வடிவம் வேறு. அது எந்த எண்ணோடு கூடினாலும் அந்த எண்ணையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும். அதற்கு ‘அல்லெண்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து