பிகுவானைடு குளத்தைக் குளோரினுக்கு மாற்ற: தண்ணீரை இறைப்பதா, இருக்கும் தண்ணீரிலேயே மாற்றுவதா?

தஞ்சோங்பூங்கா_வீடு:
வணக்கம். போன மாதம் வாங்கிய வீட்டில் 40,000 லிட்டர் நீச்சல் குளம் இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் குளோரின் போட்டதே இல்லை. பிகுவானைடு என்ற குளோரின் இல்லாத கிருமிநாசினியும் ஹைட்ரஜன் பெராக்சைடும்தான் ஊற்றி வந்திருக்கிறார்கள். இப்போது தண்ணீர் கலங்கல். படிக்கட்டு ஓரத்தில் ரோஸ் நிறத்தில் வழுவழுவென்று ஏதோ படிகிறது, தேய்த்தாலும் இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. மருந்து விலையும் கட்டுப்படியாகவில்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ள வருபவர், "நாளைக்கே குளோரின் கொட்டிவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பட்டர்வொர்த்_அண்ணன்:
வேண்டாம் தம்பி. பிகுவானைடும் குளோரினும் ஒன்றுக்கொன்று ஆகாது. என் குளத்தில் அப்படித்தான் கொட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பச்சையாகி, அப்புறம் பழுப்பாகி, ஃபில்டரில் பிசின் மாதிரி அடைத்துக்கொண்டது. கடைசியில் எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். முதலிலேயே இறைத்திருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்காது. நீங்களும் இறைத்துவிடுங்கள்.

செராஸ்_பம்ப்ரூம்:
அண்ணே, நிறம் மாறியது உண்மைதான். ஆனால் பிசகு குளோரின் போட்டதில் இல்லை, பாதியில் நிறுத்தியதில். பிகுவானைடைக் குளோரின் எரித்துத் தீர்க்கும்போது பச்சை, பழுப்பு, சில நேரம் ஆரஞ்சு நிறம்கூட வரும். அதைப் பார்த்துப் பயந்து விடக் கூடாது.

காலிக் குளத்தின் ஆபத்தையும் யோசிக்க வேண்டும். கடலோரத் தாழ்வான இடத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறினால் வெறும் தொட்டியை அடியிலிருந்து தூக்கிவிடும், தரை வெடிக்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் பெய்கிற மழையைச் சொல்லவா வேண்டும்? இன்னொன்று, பிகுவானைடு மீனுக்கு நஞ்சு. 40,000 லிட்டரை மழைநீர்க் கால்வாயில் திறந்துவிட்டால் அது கடலுக்குத்தான் போகும்.

பட்டர்வொர்த்_அண்ணன்:
மழையில்லாத மாதத்தில், மூன்றில் ஒரு பங்காக இறைத்து நிரப்பினால் தொட்டி எழும்பாது. மீன் விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பெராக்சைடு சுமார் 2 பிபிஎம் குளோரினைத் தின்றுவிடும். 30 பிபிஎம் பெராக்சைடு மிச்சமிருந்தால் 60 பிபிஎம் குளோரின் அதற்கே போயிற்று. அந்தக் காசு யாருடையது?

செராஸ்_பம்ப்ரூம்:
அதனால்தான் முதலில் இரண்டு, மூன்று வாரம் எதுவும் ஊற்றாமல் விடச் சொல்கிறேன். பெராக்சைடு தானாகவே குறையும். பிறகு லிக்விட் குளோரின். 10 விழுக்காடு சரக்கு என்றால் 40,000 லிட்டருக்கு 400 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். நமக்கு வேண்டியது 15. ஆக 6 லிட்டர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்குத்தான்.

குறையக் குறைய 15க்கு ஏற்றிக்கொண்டே இருங்கள். முதல் நாள் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டி வரும். பம்ப் நிற்கக் கூடாது. சுவரையும் ஏணிக்குப் பின்னாலும் விளக்குக் குழியையும் தேயுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டு, எண்ணி அளக்கிற டெஸ்ட் கிட் வாங்குங்கள். ரோஸ் நிறம் காட்டுகிற சாதாரண கிட்டில் குளோரின் அதிகமானால் நிறமே வெளுத்துப்போய், 'குளோரின் இல்லை' என்று நம்ப வைத்துவிடும்.

கடையில் சுலபமாகக் கிடைக்கிற ட்ரைக்ளோர் மாத்திரை இந்த வேலைக்கு ஆகாது, அதோடு சயனூரிக் அமிலமும் (வெயிலில் குளோரினைக் காக்கிற ஸ்டெபிலைசர்) சேர்ந்து ஏறும். அந்த மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூளையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தயவுசெய்து கவனம்.

ஆயர்ஈத்தாம்_அம்மா:
ஏன் மாற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. என் பேத்திக்குக் கரப்பான் என்கிற தோல் நோய். பொதுக்குளத்தில் குளித்து வந்தால் கண் சிவந்து தோல் சொறியும். எங்கள் வீட்டில் பிகுவானைடுதான், ஒரு தொந்தரவும் இல்லை. வெயிலிலும் அது குளோரின் மாதிரி ஓடிப்போகாது.

செராஸ்_பம்ப்ரூம்:
வெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி ஆன்ட்டி. ஸ்டெபிலைசர் இல்லாத குளோரின் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். மாற்றி முடித்த பிறகு சயனூரிக் அமிலம் 30லிருந்து 50 பிபிஎம் வரை சேர்ப்பது அதற்காகத்தான். கண் எரிச்சலுக்கும் அந்த வாடைக்கும் பெரும்பாலும் காரணம் வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன். போதுமான குளோரின் உள்ள திறந்தவெளி வீட்டுக் குளத்தில் அது தங்காது.

ஆயர்ஈத்தாம்_அம்மா:
குளோரமைன் எது, குளோரின் எது என்று பேத்தியின் தோலுக்குத் தெரியாது ஐயா. அவளைப் பார்க்கிற டாக்டரைக் கேட்காமல் நான் மாற மாட்டேன். தம்பிக்கும் அதைத்தான் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் கேளுங்கள்.

தஞ்சோங்பூங்கா_வீடு:
எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை அம்மா, ஆனாலும் கேட்டுவிட்டேன். இறைக்கவில்லை. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வால்வு வேலைக்காகத் தண்ணீர் நின்ற நாட்கள் நினைவிருக்கிறது. குடிதண்ணீரை 40,000 லிட்டர் கொட்டி நிரப்ப மனம் வரவில்லை. மூன்று வாரம் சும்மா விட்டுத் தொடங்கினேன். இன்று பதினோராவது நாள். பச்சை, அப்புறம் தேநீர் நிறம், இப்போது தரை தெரிகிறது. நேற்று இரவு 15, இன்று விடியுமுன் 12.5.

பட்டர்வொர்த்_அண்ணன்:
11 நாள், எத்தனை டிரம்? பாதி இறைத்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். இன்னமும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தண்ணீர் தெளிந்ததில் எனக்குச் சந்தோஷம். ஃபில்டர் மணலை மறந்துவிடாதீர்கள். என்னதான் செய்தாலும் பிகுவானைடு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், பழைய மணலை வைத்துக்கொண்டால் கலங்கல் திரும்ப வரும்.

செராஸ்_பம்ப்ரூம்:
மணலில் அண்ணன் சொல்வதே என் கருத்தும். இரவில் 2.5 குறைவது என்றால் உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது. இரவு முழுக்க 1 பிபிஎம்முக்கு மேல் குறையக் கூடாது, சேர்ந்த குளோரின் (குளோரமைனாக மாறிய குளோரின்) 0.5க்குள் இருக்க வேண்டும். அதுவரை யாரையும் இறக்காதீர்கள்.

தஞ்சோங்பூங்கா_வீடு:
சரி. மணல் மூட்டை சனிக்கிழமை வருகிறது. மாற்றிவிட்டு அன்று இரவு மறுபடி அளந்து எழுதுகிறேன்.