லாரியில் வந்த பணம் காருக்குப் போனது

அக்கா: எல்லோருக்கும் வணக்கம். இன்று பிள்ளைகளுடன் லங்காஷயரில் லேலண்ட் என்னும் ஊருக்குப் போய், அங்குள்ள வணிக வாகன அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பிரிட்டனில் ஏ.இ.சி., ஆல்பியன், ஸ்காமல், ஃபோடன் என்று எத்தனையோ லாரிகள் ஓடியிருக்கின்றன. இன்று அந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் புதிய லாரியில் இல்லை. இத்தனை கம்பெனிகளும் எப்படிப் போயின, பெரியப்பா?

பெரியப்பா: நல்ல கேள்வி கேட்டாய், அம்மா. இதற்கு அந்த ஊரின் லேலண்ட் கம்பெனியிலிருந்து தொடங்க வேண்டும். 1896-இல் நீராவி வண்டியோடு தொடங்கிய கம்பெனி அது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு மட்டும் ஏறத்தாழ 6,000 லாரிகளைக் கட்டிக் கொடுத்தது. போர் முடிந்து அவை விற்பனைக்கு வந்தபோது, கண்டவர் கையில் சிக்கித் தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று, நொடித்துப்போகும் அளவுக்குப் பணத்தைக் கொட்டி, அவற்றில் ஏராளமானவற்றைத் தானே திரும்ப வாங்கிப் புதுப்பித்து விற்றது. அந்த நாணயத்தால்தான் அது பின்னாளில் ஆல்பியனையும் ஸ்காமலையும் 1962-இல் ஏ.இ.சி.யையும் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது என்பேன்.

அப்பா: நம் எண்ணூரில் லேலண்டின் காமெட் லாரிகளைப் பூட்டத் தொடங்கியதும் அந்த நல்ல காலத்தில்தானே, அண்ணா?

பெரியப்பா: ஆமாம் தம்பி. 1955-இல் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது.

நான்: தொழிலாளர் வேலைநிறுத்தங்களால்தான் எல்லாம் அழிந்தது என்று படித்தேனே, பெரியப்பா?

பெரியப்பா: வேலைநிறுத்தங்கள் நடந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் பழியை முழுவதும் தொழிலாளர் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். 1968-இல் அரசின் தூண்டுதலால் லேலண்டை ஆஸ்டின், மோரிஸ் கார்களைச் செய்த கம்பெனியோடு இணைத்தார்கள். லாரியில் சம்பாதித்த பணம் கார் பக்கத்து ஓட்டைகளை அடைக்கப் போனது. புதிய எஞ்சினுக்கு வேண்டிய பணமும் பொறுமையும் இல்லாமல் போயின.

அந்தக் காலத்து லேலண்ட் 500 எஞ்சினையே எடுத்துக்கொள். எஞ்சின் உடலான பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போகும் தொல்லையே இருக்கக் கூடாது என்று பிளாக்கையும் ஹெட்டையும் ஒரே வார்ப்பாக வார்த்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் வால்வைத் தொட வேண்டுமானால் கிராங்கையும் பிஸ்டனையும் அடிவழியாகக் கழற்ற வேண்டியிருந்தது. சரக்கு நிற்கும்போது எந்த லாரிக்காரர் அதைப் பொறுப்பார்? பழைய லாரியைத் திரும்ப வாங்கிப் பெயரைக் காத்த அதே கம்பெனி, முழுதாகச் சோதிக்காத எஞ்சினைச் சந்தைக்கு அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. சரியாக அந்த நேரத்தில் ஸ்வீடனிலிருந்து வால்வோவும் ஸ்கானியாவும் வந்திறங்கின. பல பிரிட்டிஷ் லாரிகளில் ஹீட்டரையே தனிக் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்த காலத்தில், ஓட்டுநர் குளிரில் நடுங்காமல் உட்காரக்கூடிய கேபின் அவற்றில் இருந்தது. 1979-இல் சவுத்ஹாலில் ஏ.இ.சி. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

அப்பா: ஃபோடன் இந்த இணைப்பில் சேரவில்லையே, அண்ணா?

பெரியப்பா: சேரவில்லை, ஆனாலும் தனியாக நிற்க முடியவில்லை. 1980-இல் அமெரிக்காவின் பக்கார் அதை வாங்கியது, 2006-இல் பெயரும் போயிற்று. டீசலை நம்பி ஃபோடன் குடும்பத்திலிருந்து பிரிந்தவர் 1933-இல் தொடங்கிய இ.ஆர்.எஃப். ஜெர்மனியின் மான் கம்பெனி கைக்குப் போய், 2007-இல் அதுவும் முடிந்தது.

அக்கா: இங்கே ஊருக்கு வெளியே பெரிய லாரித் தொழிற்சாலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, பெரியப்பா?

பெரியப்பா: 1980-இல் திறந்தது அது. டச்சு லாரிக் கம்பெனியான டாஃபோடு இணைந்திருந்த லேலண்ட் 1993-இல் அதனுடன் நொடித்தபோது, அங்கிருந்த நிர்வாகிகளே அதை வாங்கி நடத்தினார்கள். 1998 முதல் அதுவும் பக்காரிடம் இருக்கிறது. நீ பார்த்த லாரிகள் டாஃப் என்ற பெயரில்தான் வெளியே வருகின்றன, அம்மா.