ஓப்பன் சோர்ஸ்னு போட்டிருக்கு, ஆனா தொழிலுக்குக் கூடாதாம். பயன்படுத்தலாமா?

பூக்கல் பட்டறை, ஆத்தங்குடி:
தரைக்குப் பதிக்கிற பூக்கல்லுக்கு டிசைன் போட ஒரு செயலி இறக்கினேன். முகப்பிலேயே 'ஓப்பன் சோர்ஸ்'னு இருக்கு, செயலியை எழுதின நிரல், அதான் சோர்ஸ் கோடு, அதுவும் முழுசா கிடைக்குது. ஆனா லைசென்ஸ் கோப்பில் 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை'ன்னு ஒரு வரி. கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவுக்குத் தரை போடுற வேலை வந்திருக்கு. அதுக்கு இதை எடுக்கலாமா?

காரைக்குடி லினக்ஸ்:
அந்த வரி இருக்கிறவரை வேண்டாம் தம்பி. கோடு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் ஓப்பன் சோர்ஸ் ஆகாது. அதற்கு 10 நிபந்தனைகள் கொண்ட வரையறை இருக்கிறது. எந்தத் துறையில் பயன்படுத்தவும் தடை போடக் கூடாது என்பது 6ஆவது. திருத்தவும், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கவும், விற்கவும்கூட லைசென்ஸ் இடம் தர வேண்டும்.

பூக்கல் பட்டறை:
எழுதினவரைக் கேட்டேன் அண்ணே. 'கோடு திறந்துதானே கிடக்கு'ங்கிறார். இந்த வரையறையை யார் வச்சது?

காரைக்குடி லினக்ஸ்:
1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரின் கோடை வெளியிடப்போவதாக அறிவித்தது. அதையொட்டி பிப்ரவரி 3 அன்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர் கூடினார்கள். கிறிஸ்டின் பீட்டர்சன் யோசித்து வைத்திருந்த 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் அங்கேதான் எடுபட்டது. அதுவரை புழக்கத்தில் இருந்தது 'ஃப்ரீ சாஃப்ட்வேர்'. 1983இல் க்னூ என்ற சுதந்திர இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் சொன்னது சுதந்திரத்தை. கம்பெனிக்காரர்கள் காதில் ஓசி என்றே விழுந்தது.

அந்த 1998 பிப்ரவரியிலேயே எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புக்காக 1997இல் வெளியான வழிகாட்டு நெறிகளை வைத்தே பெரன்ஸ் இந்த வரையறையை அமைத்தார். பெயருக்கு டிரேட்மார்க் கிடைக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். உங்களைப்போல் நம்பி வேலை எடுப்பவர்தான் மாட்டுகிறார். பெயரை விடுங்கள், லைசென்ஸைப் படியுங்கள்.

தேவகோட்டை டிசைனர்:
இங்க்ஸ்கேப்னு ஒரு வரையுற செயலி இருக்கு, அதைப் போடுங்க தம்பி. அதுக்கு ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ், தொழிலுக்குத் தடையில்லை. ஒரு கல்லுக்கான பூவை மட்டும் வரைஞ்சிட்டு மெனுவில் எடிட், குளோன், கிரியேட் டைல்டு குளோன்ஸ் போங்க. சிமெட்ரியில் பி4 எடுத்தா 90 டிகிரி திருப்பித் திருப்பி அடுக்கும், நாலு கல் சேருமிடத்தில் பூவோட கோடு ஒட்டுதான்னு அங்கேயே தெரிஞ்சிடும். கல்லுக்கு அச்சு செய்றவருக்கு டிஎக்ஸ்எஃப்ங்கிற வரைபடக் கோப்பாவும் கொடுக்கலாம்.

பூக்கல் பட்டறை:
நன்றி அண்ணே. ஜிபிஎல்னா என் டிசைனையும் எல்லாருக்கும் திறந்துவிடணுமா?

காரைக்குடி லினக்ஸ்:
வேண்டாம். ஜிபிஎல் கட்டுப்படுத்துவது செயலியின் கோடை. அதில் நீங்கள் வரைந்த பூ உங்களுடையது, தாராளமாக விலை பேசுங்கள்.